லயத்துச் சுவரில் விழுந்த வெளிச்சம்

அந்த டார்ச்சை வாங்கிய நாளே எனக்கும் கடைக்காரருக்கும் சண்டை. திருவனந்தபுரத்துப் பழவங்காடியில் பிள்ளையார் கோயிலுக்கு எதிர்வரிசையில் கடை. அரை மைல் தூரம் அடிக்கும் என்று அவர் சொன்னார். பகல் பதினொரு மணி, வாசலில் வெயில் கொளுத்துகிறது. "அடிச்சுக் காட்டுங்க, பாப்போம்" என்றேன். கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்கியிருந்த இருட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பொத்தானைத் தள்ளினார். எதிர்ச் சுவரில் தட்டு அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது.

"இது பத்தடிதானே?"

"பாக்கி தூரமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் உண்டும்மா. சுவரு தடுத்தா நான் எந்து செய்யும்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரை மைல் போகாவிட்டால் மலையிலிருந்து இறங்கி வந்து இதை உம்ம தலையிலேயே போடுவேன் என்றேன். அவர் கோயில் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் பண்ணினார். ஐந்து பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச். முழங்கை நீளம், தலை மட்டும் புனல் மாதிரி விரிந்திருக்கும். பையில் வைத்தால் பை ஒரு பக்கம் இழுத்தது.

நான் அப்போது பொன்முடிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் நர்சாக இருந்தேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லி அதற்குப் பெருமை தேடித் தரமாட்டேன். நாகர்கோவில் பக்கத்துக்காரி நான். படித்தது திருவனந்தபுரத்தில். வாய் கொஞ்சம் நீளம் என்று படிக்கும்போதே பெயர் எடுத்தவள். டார்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று தோட்டத்து ஆபீஸில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். கூலிக்காரர்களுக்குப் பந்தம் போதும் என்று பெரிய கிளார்க் பதில் சொன்னார். பந்தம் அவர்களுக்கு, எனக்கு என்ன என்று கேட்டேன். அவர் அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார். அதனால்தான் என் சம்பளத்திலேயே வாங்கினேன்.

டார்ச் எதற்கு என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் இரண்டு சரிவு. இந்தச் சரிவில் மேலே துரையின் பங்களா, அதற்குக் கீழே ஆபீஸ், அதற்கும் கீழே ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்ட இரண்டு அறைகளும் நான் இருந்த வீடும். எதிர்ச் சரிவில் லயம், அதாவது கொழுந்து பறிப்பவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள். இரண்டு சரிவுக்கும் நடுவில் ஓடை. ஓடைக்கு மேல் மரத்தடியைப் போட்டு ஒரு பாலம். பாலத்துக்கு எங்கள் கரையில், கொழுந்து நிறுக்கிற கொட்டகை.

முந்தின வருஷம் யானை ஒரு காவல்காரரை மிதித்துவிட்டது. அதிலிருந்து, மாலை ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் ஆட்கள் யாரும் ஓடையைத் தாண்டக் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். ஆபீஸ் ஆட்கள் என்றால் நானும்தான். ஆனால் பிள்ளை மணி பார்த்தா பிறக்கிறது? ராத்திரி வலி எடுத்தால் அந்தப் பெண்ணைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வருவார்கள். நான் இந்தப் பக்கமிருந்து இறங்கிப் போவேன். யானை எங்கள் உயிருக்கு மட்டும்தான் ஆபத்தாம், கூலிக்காரர்கள் உயிருக்கு ஆபத்தில்லையாம். கேட்டால், உத்தரவு உத்தரவுதான்.

நான் புறப்பட்டேனா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாததுதான் பெரிய தொல்லை. ஒரு தடவை அவர்கள் பந்தத்தை வீசி வீசிக் காட்டியிருக்கிறார்கள், நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். கொட்டகையில் இரண்டு மணி நேரம் மழையில் காத்திருந்தார்கள். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு: அவர்கள் பந்தத்தை வட்டமாகச் சுற்றினால், நான் பார்த்ததும் டார்ச்சை லயத்துச் சுவரில் அடிப்பேன். சுவரில் வெளிச்சம் விழுந்தால் நர்சம்மா புறப்பட்டாச்சு, தூக்கிக்கொண்டு வரலாம் என்று அர்த்தம்.

வெளிச்சம் சுவர் வரை போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமே. எதிரே லயத்து வாசலில் நாலைந்து பேரை நிறுத்தினேன். வெளிச்சம் வந்தால் கூவச் சொன்னேன். நான் பொத்தானைத் தள்ளியதுதான் தாமதம், "தெரியுது! தெரியுது!" என்று ஒரே கூப்பாடு. சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு சந்தேகத்தில் டார்ச்சை ஓடைப்பக்கம் திருப்பினேன். அப்போதும் "தெரியுது!" கீழே புல்தரையில் அடித்தேன். "தெரியுதும்மா, நல்லாத் தெரியுது!" தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் பார்த்தது என் கையிலிருந்த டார்ச்சை. ஊரில் ஒரு அகல்விளக்கு எரிந்தாலும் மலை மேலிருந்து தெரியாதா? வெளிச்சம் தெரிவது வேறு, வெளிச்சம் போய்ச் சேருவது வேறு. இதைக் கத்திக் கத்திப் புரியவைப்பதற்குள் என் தொண்டை கட்டிப் போனது.

தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிற ஒருவர்தான் வழி சொன்னார். முப்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். அவருடைய பெண்சாதி அப்போது ஆறு மாசம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. "சுவரு கறுப்பா இருக்கு நர்சம்மா, அதாம் வெளிச்சத்த முழுங்குது. நான் சுண்ணாம்பு பூசுதேன்" என்றார். மறுநாள் லயத்தின் கடைசிச் சுவரில் கதவு அகலத்துக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். ராத்திரி அடித்துப் பார்த்தேன். மங்கல்தான், ஆனால் வெள்ளை பளிச்சென்று எழுந்து நின்றது. எதிரே எல்லாரும் கை தட்டினார்கள். பழவங்காடிக்காரருக்கு மனசுக்குள் மன்னிப்புக் கொடுத்தேன்.

மூன்று மாசம் அது பிரமாதமாக நடந்தது. ஐந்து பிரசவம். ஐந்தும் கொட்டகையில், ஐந்தும் சுகம்.

அப்புறம் துரை வீட்டுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். இரண்டு பேர், பெரிய உத்தியோகம். அன்று காலையில்தான் நான் லயத்துக்குப் போய் அந்தக் கவாத்துக்காரரின் பெண்சாதியைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வயிற்றில் மரக்குழாயை வைத்துக் கேட்டேன். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கணீரென்று இருந்தது. "இன்னிக்கு ராத்திரி, தப்பினா நாளைக்கு. தயாரா இருங்க. எனக்குக் கண்ணெல்லாம் உங்க பக்கந்தான் இருக்கும்" என்று அவளுடைய மாமியாரிடம் சொன்னேன். நானே சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்.

மாலை ஏழு மணி இருக்கும். தூறல். பெரிய கிளார்க் குடையோடு வந்து நின்றார். இவரும் எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்தான். பத்து வருஷம் திருவனந்தபுரத்தில் இருந்து பாதி மலையாளமாகிவிட்டவர்.

"நர்சம்மா, அந்த டார்ச்சு ஒண்ணு வேணும். தொரை கேக்காரு."

"தரமுடியாது. இன்னிக்கு ராத்திரி எனக்கு வேணும்."

"அர மணிக்கூர். விருந்தாளிக்கும் தொரைக்கும் ஒரு பந்தயம், எம்புட்டுத் தூரம் அடிக்கும்னு. தொரை கேட்டா என்னுது உன்னுதுன்னு உண்டா?"

என்னுதுதான். சம்பளத்தில் வாங்கினது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் சொன்னேன். அவர் அதற்குள் மேஜை மேலிருந்து எடுத்துவிட்டார். டார்ச்சை விட்டுவிட்டு நான் வீட்டில் இருப்பேனா? பின்னாலேயே போனேன்.

பங்களா முன்னால் புல்தரை. துரையும் விருந்தாளிகளும் கூரைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் படிக்குக் கீழே நின்றேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, தோன்றாது. துரை டார்ச்சை வாங்கி அங்கே அடித்தார், இங்கே அடித்தார். மரத்தில் அடித்தார், ஆபீஸ் ஓட்டில் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் என் கட்டை தீருகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. திடீரென்று வெளிச்சம் எதிர்ச் சரிவுக்குப் போனது. சுண்ணாம்புச் சதுரம் பளிச்சென்று எழுந்தது. விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

"ஐயோ, அங்க அடிக்கப்படாது! அது நாங்க வச்ச அடையாளம்! நான் வரச் சொன்னேன்னு நெனச்சுக்கிடுவாங்க!" என்று கத்திவிட்டேன்.

பெரிய கிளார்க் பாய்ந்து வந்தார். "சும்மா கெடந்து பேடிக்காண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல. அவங்க பந்தம் சுத்தினாத்தானே நீங்க அடிப்பீங்க? சுத்தலியே. பின்ன எப்பிடி வருவாங்க?"

சரியான பேச்சு மாதிரிதான் இருந்தது. பந்தம் சுற்றவில்லைதானே? நான் வாயை மூடிக்கொண்டேன். இத்தனை நீள வாய் வைத்துக்கொண்டு அந்த நேரம் பார்த்து மூடிக்கொண்டேன். காலையில் நான் சொல்லிவிட்டு வந்தது என் நினைவுக்கே வரவில்லை. வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்வது அதைத்தான்.

விருந்தாளிகளில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைச் சுவர் தெரிவது பெரிதில்லை, ஓடை பக்கத்தில் நிற்கிற ஆள் தெரிந்தால்தான் தோற்றதாக ஒப்புக்கொள்வேன் என்றார். ஆளுக்கு எங்கே போவது? கிளார்க்கை இறங்கிப் போய் நிற்கச் சொன்னார் துரை. உத்தரவு போட்டவரே ஓடைக்கு அனுப்புகிறார், பாருங்கள். யானை பயத்தில் கிளார்க் முகம் செத்துப்போனது. தூறல் விடட்டும், அப்புறம் போகிறேன் என்று இழுத்தார். அவர்கள் பேச்சுக்குப் போனார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். டார்ச் துரையின் மடியில் கிடந்தது. நான் படிக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றேன்.

அப்போது ஓடைப் பக்கம் ஒரு சின்னப் பந்தம் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை, விருந்தாளிக்குத்தான் தெரிந்தது. நான் எதிரே லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆள் வந்நல்லோ!" என்று அவர் துள்ளி எழுந்தார். துரை டார்ச்சைத் தூக்கி அடித்தார். விருந்தாளி தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டார். எண்ணினார். சத்தமாக எண்ணினார். "ஒந்நு, ரெண்டு, மூந்நு... ஏழாள்! கரெக்ட் ஏழு பேர்!"

துரை சிரித்தார். ஜெயித்தவரின் சிரிப்பு. தோற்றவர் சிரித்தார். கிளார்க்கும், தான் ஓடைக்குப் போகவேண்டாம் என்று ஆனதில், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ஏழு பேர் இந்த மழையில், இந்த இருட்டில், யானை வருகிற ஓடைக்கரையில் எதற்கு நிற்கிறார்கள் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்கவில்லை.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. துரையின் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கினேன். "மனுசனா நீரு?" என்று கிளார்க்கைப் பார்த்துக் கத்தினேன். அதுவரை அவரை நீங்க என்றுதான் சொல்லிவந்தேன். துரையைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, அதனால் அவருக்குச் சேரவேண்டியதையும் இவருக்கே சேர்த்துக் கொடுத்தேன். வீட்டில் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர்கள் பாலத்தைத் தாண்டியிருக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், தட்டையான பாறை மேல் நின்றார்கள். தூளியைத் தூக்கிய நாலு பேர், பந்தம் பிடித்தவர், மாமியார், பக்கத்து வீட்டுக்காரி. ஏழு பேர். பாறையில் கம்பளி கிடந்தது. கம்பளியில் அவள் கிடந்தாள். ஓடைக்கு இறங்கும் இடத்தில் சேறு. முன்னால் தூக்கிவந்தவருக்குக் கால் வழுக்கியிருக்கிறது. தூளி கட்டிய மூங்கில் சாய்ந்து, அதோடு அவள் பாறையில் விழுந்திருக்கிறாள். முன்னால் தூக்கிவந்தது அவளுடைய புருஷன்தான்.

நான் உத்தரவைக் காலில் போட்டு மிதித்து ஓடையைத் தாண்டினேன்.

"வந்திட்டியளா நர்சம்மா" என்றாள் மாமியார். "வலி லேசாத்தான் இருந்துச்சு. காலம்பறதான் வரும்னு இருந்தோம். செவுத்துல வெளிச்சத்தப் பாத்ததும், நீங்க கணக்காக் கூப்புடுதியன்னு தூக்கிட்டு ஓடியாந்தோம்."

டார்ச்சைப் பந்தக்காரரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். ரத்தம் நிறைய. அவளைப் பிழைக்க வைத்தேன். அதை என்னால் செய்ய முடிந்தது. ஆண் பிள்ளை. முழு வளர்த்தி, தலை நிறைய முடி. தலைகீழாகப் பிடித்தேன், தட்டினேன், வாயோடு வாய் வைத்து ஊதினேன். அழவில்லை. புருஷன் எதிரே குந்தி உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வழுக்கின கால். "உங்க கால் மேல தப்பில்ல. செவுத்துல அடிச்சது நானில்ல, பங்களாக்காரங்க" என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியாது.

மேலே பங்களாவில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெரிய கிளார்க் வந்தார். பின்னால் இரண்டு ஆள், தோளில் அளக்கிற சங்கிலி. துக்கம் கேட்க வந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தொரை சொன்னாரு. விருந்தாளிகள் பத்து மணிக்குப் போறாங்க. அதுக்கு முன்ன தூரம் எம்புட்டுன்னு அளந்து தீர்ச்சையாச் சொல்லணும். அவங்க எந்த எடத்துல நின்னாங்கன்னு ஒண்ணு காட்டித் தாங்க."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். அவர் இரண்டடி பின்னால் போனார். ஆனால் நான் கத்தவில்லை. "வாரும், காட்டுகேன்" என்று கூட்டிக்கொண்டு போனேன். பங்களாப் படியிலிருந்து சங்கிலியை இழுத்து இழுத்து ஓடையைத் தாண்டி வந்தார்கள். பாறையில் மழை முழுசாகக் கழுவாத இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. கிளார்க் அதை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார்.

"அங்க நிக்காதீரும். இங்க வாரும். அவ கெடந்த எடம் இது. சங்கிலிய இதுவரைக்கும் பிடியும்" என்றேன்.

பிடித்தார்கள். முன்னூறுக்குக் கொஞ்சம் குறைவான கஜம். கிளார்க் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

"ஏழு பேர்னு எண்ணினாரே உங்க விருந்தாளி. தப்பு. கெடந்தவளச் சேத்து எட்டு. அவ வயித்துல கெடந்ததச் சேத்து ஒம்பது. ஒம்பது பேர் மேல அடிச்சீங்க. அதையும் எழுதும்."

அவர் காகிதத்தை மடித்தார். "அதொண்ணும் எழுதாண்டாம் நர்சம்மா. தூரம் மட்டும் மதி, அது போதும்" என்றார்.

மாலையில் துரையின் பங்களாவிலிருந்து ஐந்து புதுக் கட்டை வந்தது. நல்ல டார்ச் என்று துரை சொன்னதாகச் சேதி. கட்டைகளை வாசலிலிருந்தே வீசினேன். அப்புறம் இறங்கிப் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். பழைய கட்டை தீர்ந்துவிட்டிருந்தது, ராத்திரி யாராவது பந்தம் சுற்றினால் என்ன செய்வது?

இருபது நாள் கழித்துச் சுற்றினார்கள். லயத்தின் நடு வீட்டில் வேறொரு பெண்ணுக்கு. பந்தம் வட்டமாகச் சுற்றியதைப் பார்த்ததும் சுவரில் வெளிச்சம் அடித்தேன். நன்றாக, நீளமாக, பத்து எண்ணும் வரை அடித்தேன். கொட்டகைக்கு இறங்கிக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஒரு மணி நேரம். திரும்ப மேலே ஏறித் திரும்ப அடித்தேன். வரவில்லை. பொறுமை போய் ஓடையைத் தாண்டி, டார்ச்சைக் காலுக்கு முன்னால் அடித்துக்கொண்டு லயத்துக்கே ஏறிப் போனேன். வாசலில் அந்த மாமியார்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே முனகல் கேட்டது. எனக்கு வந்த கோபத்தையெல்லாம் அவள் மேல் கொட்டினேன். கண் அவிந்து போச்சா, பந்தம் சுற்றத் தெரிகிறது, வெளிச்சத்தைப் பார்க்கத் தெரியவில்லையா, அங்கே ஒருத்தி பேய் மாதிரி காத்துக் கிடக்கிறேனே என்று கத்தினேன்.

அவள் எழுந்து எனக்கு வழி விட்டாள்.

"பாத்தோம்மா. ரெண்டு தடவையும் பாத்தோம். வெளிச்சம் வெளிச்சமாத்தான இருக்கு. புடிச்சிருக்கது நீங்களா அவுகளான்னு அதுல தெரியலியே" என்றாள்.